கடல் கடந்து வந்த படம்

1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னை நிலையத்தின் அலைகள் எட்டாத இராமேசுவரம் கரையில், கடல் தாண்டி வந்த அப்படத்தைப் பிடிக்கக் கூரைகள்மீது ஆன்டெனாக்கள் உயர்ந்தன. புள்ளிகள் பொரியும் சிறு திரையில் முகங்களைத் தேடித்தேடிக் கண்கள் களைத்தன.

பின்னர் இத்தீவிலேயே 323 மீட்டர் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது.

இன்று எங்கள் கூடத்தில் 55 அங்குலத் திரை. அன்று புள்ளிகளிடையே முகம் தேடிய அம்மாவின் கண்கள், விளக்கணைத்துப் பார்க்கையில் இப்போது எரிகின்றன. கடை வெளிச்சத்துக்கென வைத்த பிரகாசம் இருட்டறைக்கு மிகை. உற்றுப் பார்க்கையில் இமைப்பதும் குறைகிறது, விழி உலர்கிறது. பிரகாசத்தைத் தணித்து, திரைக்குப் பின்னே சிறு விளக்கொன்று வைத்தேன். அம்மா இப்போது செய்தி முடியும்வரை பார்க்கிறார்.