இருட்டோடு சேர்த்து வரைந்தவர்

டோக்கியோ இரவு ஓவியம் என்றதும் நமக்கு நியான் பலகையும் மழையில் நனைந்த சாலையும்தான் ஞாபகம் வரும். என் கைப்பேசியின் முகப்புப் படமும் ரொம்ப நாள் அப்படி ஒன்றுதான். இந்த மரபு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய்த்தான் கோபயாஷி கியோச்சிகாவிடம் வந்து சேர்ந்தேன்.

1847-இல் எடோவில் பிறந்தவர். அப்பா ஷோகன் அரசின் அரிசிக் கிடங்கில் அதிகாரி. 1868-இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. தோற்ற தரப்பில் நின்ற கியோச்சிகா, ஷோகன் குடும்பத்தைப் பின்தொடர்ந்து ஷிசுவோக்காவுக்குப் போனார். 1874-இல் திரும்பியபோது எடோ, டோக்கியோ ஆகியிருந்தது. அதே வருடம் கின்ஸா தெருவில் எரிவாயு விளக்குகள் எரியத் தொடங்கின. ஊர் அவருடையது, வெளிச்சம் ஜெயித்தவர்களுடையது.

1876 முதல் 1881 வரை அந்த ஊரை 93 மரஅச்சு ஓவியங்களாக்கினார். மரஅச்சில் உருவங்களுக்கு எல்லை போடுவது கறுப்புக் கோடு. அவர் பல படங்களில் அதைக் குறைத்து, நிறத்தின் அடர்த்தியாலேயே உருவங்களைக் கொண்டுவந்தார். ஒளிக்கதிர் ஓவியம் என்று அதற்குப் பெயர். ஒச்சானோமிசு படத்தில் பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு. ஒரு படகின் விளக்கு, கொஞ்சம் மின்மினிகள், அவ்வளவுதான்.

நான் படித்தது மின்பொறியியல். எங்களுக்கு இருட்டு ஒரு குறை. இத்தனை லக்ஸ் என்று கணக்குப் போட்டு நிரப்பிவிட வேண்டும். கியோச்சிகாவின் படங்களிலோ, விளக்கு வந்த பிறகுதான் இருட்டே கண்ணுக்குத் தெரிகிறது.

1881 ஜனவரியில் ரியோகோகு பகுதியில் பெருந்தீ. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வரைய ஓடினார். அந்தத் தீயில் அவர் வீடும் போனது. தீயின் காட்சிகள் அச்சாகி வந்தன. அந்த வருடத்தோடு தொடரும் நின்றது. பிறகு கேலிச்சித்திரம், போர்ப்படம் என்று வேறு வேலைகள். 1915-இல் இறந்தார்.

1910களில் கினோஷிதா மொகுதாரோ போன்ற எழுத்தாளர்கள் அவரை மறுபடி கண்டெடுத்தபோது, அவர் படங்களில் தொலைந்த காலத்துக்கான ஏக்கத்தைப் பார்த்தார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தக்கனாவா படத்தில் மங்கிய நிலவின் கீழ் ரயில் வருகிறது. ஜன்னல்களில் வெளிச்சம், புகைபோக்கியில் தீ. ரயிலை வெறுத்தவர் அதை இவ்வளவு ஆசையாக வரைந்திருக்க மாட்டார். புது வெளிச்சம் அவருக்கும் பிடித்திருந்தது. அது எட்டாத இடத்தையும் சேர்த்தே வரைந்தார் என்பதுதான் விஷயம்.