பழைய திறமூல நிரல்களைப் பாதுகாத்தல்: தமிழ்க் கணிமையின் அனுபவம்

திறமூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பிறருக்குப் பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருள் ஆகும். மூல நிரல் என்பது நிரலாளர் எழுதிய, மனிதர் படித்து அறியக்கூடிய கட்டளைகளின் தொகுப்பு. வழக்கொழிந்த நிரலை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். தமிழைப் பொறுத்தவரை இதற்கு நேரடியான விடை உண்டு. 1990களில் கணினியில் ஏற்றப்பட்ட தமிழ் உரைகளை இன்று படிக்க, அவற்றை மாற்றித் தரும் நிரல் தேவை. அந்த நிரல் தொலைந்தால் உரையும் எட்டாமல் போகும்.

பல குறியேற்றங்களின் காலம்

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறித் தரத்தில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் 2000 வெளிவரும் வரை, பரவலாகப் புழங்கிய கணினிகளில் அதைப் பயன்படுத்த வழியில்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். யார் எந்த வடிவத்தை எங்கே வைப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை.

இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல், கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தச் சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரியும். நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருக்களைக் கையாண்டதால் சிக்கல் பெருகியது.

இதைத் தீர்க்க, பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் இணைய வழியே கலந்து பேசி 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களில் ஒருவர். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை முதலில் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்கள் பரிந்துரைக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது.

மாற்றி நிரலின் பணி

பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவது, எழுத்துக்கு எழுத்து இடம் மாற்றும் எளிய வேலை அன்று. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றுகிறது. 'கொ' என்ற எழுத்தில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால் என மூன்று குறிகள் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். ஒகர உயிர்க்குறி அதைத் தொடரும். இந்த முன்பின் மாற்றத்தை அறியாத நிரல், உரையைச் சிதைத்துவிடும். இத்தகைய விதிகள் முழுமையாகப் பதிவாகியுள்ள இடம் மூல நிரலே.

லினக்சு இயங்குதளத்தின் அடிப்படையான குனு சி நூலகத்தில், திஸ்கியை மாற்றும் நிரலைப் புரூனோ ஹைபிள் 2002இல் சேர்த்தார். உலகெங்கும் பயன்படும் ஒரு நூலகத்தின் பகுதி ஆனதால் அது இன்றும் பேணப்படுகிறது. பைத்தான் மொழிக்கான 'ஓப்பன் தமிழ்' நிரலகத்தில் பாமினி, டாம், டாப் முதலியவற்றோடு, தினமணி, தினத்தந்தி, விகடன், நக்கீரன் போன்ற இதழ்களின் பெயரால் வழங்கும் பழைய குறியேற்றங்களுக்கும் மாற்றுப் பட்டியல்கள் உள்ளன. தமிழ் இதழியலின் ஒரு காலகட்டத்தைத் திறக்கும் சாவிகள் இவை.

மறைந்த தளங்கள்

நிரல்கள் பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் இலவசத் தளங்களிலேயே வைக்கப்பட்டன. தனி ஆர்வலர்களின் எண்ணற்ற பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீசை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. 2006இல் தொடங்கிய கூகுள் கோடு தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. தமிழ் மடற்குழுக்கள் பலவற்றுக்கு இடம் தந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முடிவுக்கு வந்தன. நிரல் தப்பினாலும், அது ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்ற விவாதம் அழிந்துபோவதும் இழப்பே.

உலகக் காப்பகங்கள்

பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் 'சாப்ட்வேர் ஹெரிடேஜ்' என்ற காப்பகத்தைத் தொடங்கியது. 2017இல் யுனெசுகோ அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கூகுள் கோடு தளத்தின் நிரல்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் அடையாள எண் இங்கு வழங்கப்படுவதால், ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். பொதுவில் உள்ள எந்த நிரலகத்தையும் சேர்த்துவைக்குமாறு எவரும் இக்காப்பகத்திடம் கோரலாம்.

கிட்ஹப் நிறுவனம் 2020 பிப்ரவரி 2ஆம் நாள் நிலவரப்படி 21 டெராபைட் அளவிலான நிரல்களை 186 படச்சுருள்களில் பதித்து, வட துருவத்தை ஒட்டிய சுவால்பார்டு தீவுக்கூட்டத்தின் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வைத்தது. ஆயிரம் ஆண்டுகள் தாங்கும் என்பது நோக்கம். ஆனால் அண்மையில் மாற்றம் கண்டவையும், பயனர்களிடம் அதிக நட்சத்திரக் குறிகளைப் பெற்றவையும் மட்டுமே தேர்வாயின. ஓரிருவர் எழுதி, வேலை முடிந்தபின் பல ஆண்டுகள் தொடப்படாத சிறிய நிரல்கள் இவ்வளவுகோலுக்குள் வாரா. தமிழின் பழைய மாற்றி நிரல்கள் பல இத்தகையவையே.

கோப்பு மட்டும் போதாது

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், அப்பதிப்பின் சாதாரணச் சரங்கள் யுடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள் என்றன. பைத்தான் 3 ஐந்து குறிகள் என்கிறது. தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் மூன்றே. பழைய நிரல் எதை எண்ணியது என்பதை அறியாமல் அதை இன்று இயக்கினால் பிழையான விடையே கிடைக்கும்.

இதற்கு வடசென்னையிலேயே ஓர் ஒப்புமை உண்டு. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல் நிலைத்து நின்றதனால் மட்டும் அவை நமக்குப் பயன்படவில்லை. பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் படியெடுத்து அச்சிட்டதால்தான் வரலாற்று மாணவர்களின் கைக்கு வந்தன.

நிரலுக்கும் இது பொருந்தும். உரிமம், எந்தப் பதிப்பில் இயங்கும் என்ற குறிப்பு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மாதிரி உரை ஆகிய மூன்றும் நிரலுடன் இருக்க வேண்டும். பழைய குறுந்தட்டுகளிலும் வன்தட்டுகளிலும் தமிழ் நிரல் வைத்திருப்போர், இவற்றுடன் அதைப் பொதுவில் ஏற்றிக் காப்பகம் ஒன்றில் பதிவு செய்யலாம். நிரலை எழுதிய முதல் தலைமுறையினர் பலர் இன்னும் விளக்கம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே இதைச் செய்வது எளிது.