லண்டன் இரவுகளும் எமது சிரிப்பும்

லண்டனில் சனிக்கிழமை இரவு என்றால் எம்மவரில் பலருக்கு இரண்டு காட்சிகள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, ஏதாவதொரு மண்டபத்தில் நடக்கும் பூப்புனித நீராட்டு விழா அல்லது ஐம்பதாவது பிறந்தநாள். மற்றையது, இரவு வேலை. பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால், உணவகத்தின் குசினியில், விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் நின்று இந்த நகரத்தின் இரவை எமது முதல் தலைமுறை நன்றாகவே அறிந்துகொண்டது. ஆனால் ரிக்கெற் வாங்கிக்கொண்டு உள்ளே போய் இருந்து சிரித்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

இன்று அவர்களின் பிள்ளைகள் அந்த மேடைகளுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் மேடையிலேயே நிற்கிறார்கள். அவர்கள் சொல்லும் பகிடிகளில் பாதி அம்மா, அப்பாவைப் பற்றியவை. அந்த அம்மாவும் அப்பாவும் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. லண்டனின் நகைச்சுவை இரவுகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன, அங்கே எமக்கு என்ன இடம் உண்டு என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மதுச்சாலையில் பிறந்த மேடை

லண்டனின் இரவுக் கேளிக்கைக்கு மதுச்சாலைதான் தாய்வீடு. பாடகரும் கோமாளியும் மதுச்சாலையின் பின்னறையில் நிகழ்ச்சி நடத்த, சனம் குடித்துக்கொண்டே பார்த்தது. கூட்டம் பெருகப் பெருகத் தனி மண்டபங்கள் எழுந்தன. 1852இல் சாள்ஸ் மோர்ட்டன் என்பவர் லம்பெத் பகுதியில் திறந்த கன்ரர்பரி மண்டபம் அவற்றில் முன்னோடி. கிழக்கு லண்டனில் 1859இல் திறக்கப்பட்ட வில்ற்றன்ஸ் மண்டபமும், 1901இல் திறக்கப்பட்ட ஹக்னி எம்பயரும் இன்றும் நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. எமது ஊர்களில் தகரக் கொட்டகையிலும் வெள்ளைத் திரையிலும் கண்டு சிரித்த சார்ளி சப்ளின், 1889இல் பிறந்தவர். இப்படியான மண்டபங்களில் பாடிப் பிழைத்த பெற்றோரின் பிள்ளை அவர்.

சினிமாவும் தொலைக்காட்சியும் இந்த மண்டபங்களைச் சாகடித்தன. ஆனால் இரவு மேடை சாகவில்லை. பிக்கடில்லிக்கு அருகில் இருந்த விண்ட்மில் அரங்கு, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த காலத்திலும் கதவைச் சாத்தாததற்காகப் பெயர் பெற்றது. போருக்குப் பிறகு பீற்றர் செல்லர்ஸ் போன்ற நகைச்சுவையாளர்கள் அங்கேதான் தொழில் பழகினார்கள்.

அக்காலத்தில் மேடையில் எதைச் சொல்லலாம் என்பதை அரண்மனை அதிகாரி ஒருவரே தீர்மானித்தார். 1737ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடகப் பிரதி ஒவ்வொன்றும் அவருடைய அனுமதிக்குப் போக வேண்டும். இந்த முறை 1968இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே பீற்றர் குக் என்ற இளம் நகைச்சுவையாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். 1961இல் சோஹோவின் கிரேக் வீதியில் 'எஸ்ராபிளிஷ்மன்ற்' என்ற கிளப்பைத் திறந்தார். அங்கத்தவருக்கு மட்டுமான தனியார் கிளப் என்பதால் அதிகாரியின் கத்தரி அங்கே எட்டவில்லை. அமெரிக்க நகைச்சுவையாளர் லெனி புரூஸ் 1962இல் அங்கே மேடையேறினார். மறுவருடம் மீண்டும் வர முயன்றபோது அவருக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது.

1979: ஒரு திருப்பம்

இன்று நாம் காணும் 'ஸ்ராண்ட் அப்' கிளப்புகளின் கதை 1979 மே மாதத்தில் தொடங்குகிறது. காப்புறுதி விற்பனையாளரான பீற்றர் ரோசன்கார்ட், லொஸ் ஏஞ்சல்சில் பார்த்த கிளப் ஒன்றால் கவரப்பட்டு, டொன் வார்ட் என்பவருடன் சேர்ந்து சோஹோவில் 'கொமடி ஸ்ரோர்' கிளப்பை ஆரம்பித்தார். அலெக்சி செயில் அதன் முதல் தொகுப்பாளர். பிடிக்காதவரை மணி அடித்து இறக்கிவிடும் வழக்கம் அப்போதே இருந்தது.

அந்த ஆண்டு எமக்கு ஏன் முக்கியம்? எழுபதுகளின் பிரித்தானிய நகைச்சுவையில் கறுப்பர், ஆசியர், ஐரிஷ்காரர் ஆகியோரே கேலிப்பொருள். 1974 முதல் 1981 வரை ஓடிய ஒரு பிபிசி தொடரில், வெள்ளை நடிகர் ஒருவர் முகத்துக்கு மண்ணிறச் சாயம் பூசி இந்தியராக நடித்தார். 1977இல் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவிஜ்' தொடரில் ஆங்கிலம் தெரியாத வெளிநாட்டவரின் உச்சரிப்பே பகிடி. நாங்களும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கொமடி ஸ்ரோரைச் சுற்றி எழுந்த புதிய தலைமுறை, இனத்தையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பகிடிகளை விலக்கிவைத்தது. அந்த இடைவெளியில்தான் பின்னாளில் எமது பிள்ளைகள் நுழைந்தார்கள்.

1998இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த 'குட்னெஸ் கிரேஷியஸ் மி' அடுத்த படி. இந்தியர் கூட்டமாக ஆங்கில உணவகத்துக்குப் போய் அட்டகாசம் செய்யும் அதன் காட்சி, வெள்ளிக்கிழமை இரவுகளில் கறிக்கடைப் பரிமாறுநர் பட்ட பாட்டை அப்படியே திருப்பிப் போட்டது. குசினியில் நின்றவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் நன்றாகப் புரிந்தது.

கிளப் எப்படி இயங்குகிறது?

போகாதவர்களுக்காகச் சில நடைமுறைத் தகவல்கள். ஒரு சாதாரண இரவில் தொகுப்பாளர் ஒருவரும் மூன்று நான்கு நகைச்சுவையாளர்களும் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 20 நிமிடம். இடையில் இடைவேளை விடுவார்கள்; கிளப்புக்கு வருமானம் ரிக்கெற்றில் மட்டுமல்ல, மதுச்சாலையிலும்தான். முன்வரிசையில் இருந்தால் தொகுப்பாளர் உங்களிடம் பெயரும் தொழிலும் கேட்பார். கூச்சம் உள்ளவர்கள் பின்னுக்கு இருப்பது நல்லது.

புதியவருக்கு 5 நிமிடமே தரப்படும், பெரும்பாலும் சம்பளமின்றி. சில சிறிய இடங்களில் நண்பர் ஒருவரைக் கூட்டிவந்தால்தான் மேடை. இப்படி நூற்றுக்கணக்கான இரவுகள் ஏறி இறங்கித்தான் அந்த 5 நிமிடம் 20 நிமிடமாகிறது. கொமடி ஸ்ரோரில் புதியவர்களுக்கான போட்டி இரவில், பார்வையாளர் அட்டை உயர்த்தினால் இறங்கிவிட வேண்டும். 5 நிமிடம் தாக்குப்பிடிப்பதே வெற்றி. ஓகஸ்டில் எடின்பரோ விழாவுக்குப் போகும் பலர் அதற்கு முந்திய வாரங்களில் லண்டனில் ஒத்திகை நிகழ்ச்சி நடத்துவார்கள். குறைந்த செலவில் நல்ல நகைச்சுவை பார்க்க அதுவே பொருத்தமான காலம்.

மேடைகள் நகர மையத்தில் மட்டும் இல்லை. 1930இல் கட்டப்பட்ட வால்தம்ஸ்ரோ கிரனாடா சினிமா பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025 மே மாதம் சோஹோ தியேட்டரின் இரண்டாவது அரங்காகத் திறக்கப்பட்டது. ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வாழும் எம்மவருக்கு அது தூரமில்லை. 2016இல் தொடங்கிய இரவுநேர ரியூப் சேவையால் வெள்ளி, சனி இரவுகளில் வீடு திரும்புவதும் சுலபமாகிவிட்டது.

கணக்கு வாத்தியார் மேடையேறிய கதை

பிரித்தானியாவில் இன்று மிகவும் அறியப்பட்ட தமிழ் முகங்களில் ஒன்று நகைச்சுவையாளர் ரொமேஷ் ரங்கநாதனுடையது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் குறோலியில் பிறந்தவர். கணித ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே இரவில் கிளப்புகளில் ஏறி இறங்கினார். 2015இல் பிபிசியில் வந்த 'ஏசியன் புறவொகேற்றர்' தொடர் அவரைப் பரவலாக அறியச் செய்தது. வேர் தெரியாத மகனைத் தாய் இலங்கைக்கு அனுப்பிவைப்பதுதான் அதன் கரு. தாயாரும் தொடரில் தோன்றிப் பார்வையாளரின் மனத்தைக் கவர்ந்தார். 2020இல் ரொமேஷின் பயணத் தொடருக்கு பாஃப்ரா விருது கிடைத்தது.

ஆசிரியர் வேலையை விட்டுப் பகிடி சொல்லப் போகிறேன் என்று ஒரு மகன் எமது வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதனால்தான் அந்தத் தாய் மகனோடு திரையில் நின்றது சிறிய விடயமல்ல. அமெரிக்காவிலும் இதுபோல ஒன்று நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோரின் மகனான அசீஸ் அன்சாரி, 2015இல் தமது தொடரில் சொந்தத் தாய் தந்தையையே நடிக்க வைத்தார். பெற்றோரின் புலப்பெயர்வைப் பேசிய அதன் அத்தியாயம் 2016இல் எமி விருது பெற்றது. பிள்ளைகள் பெற்றோரைக் கேலி செய்வதாக நினைத்த இடத்தில், உண்மையில் அவர்களை விசாரித்து அறிந்துகொண்டிருந்தார்கள்.

எமக்கும் ஒரு மரபு உண்டு

தனியொருவர் மேடையில் நின்று சனத்தைச் சிரிக்க வைப்பது எமக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா இரவுகள்தான் எமது இரவு வாழ்க்கை. பாய் விரித்து, கடலைச் சரையோடு விடியுமட்டும் கூத்தும் வில்லிசையும் பார்த்த சமூகம் நாம். ராஜா வருமுன் கட்டியகாரன் வந்து ஊர் நடப்பைக் கிண்டல் செய்வான்.

எழுபதுகளில் கே.எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் யாழ்ப்பாண பஸ் கொண்டக்டராக நின்றார். ஒரே ஆளின் குரலிலும் உடம்பிலும் முழு பஸ்ஸும் தெரிந்தது. அது எமது ஸ்ராண்ட் அப் அல்லாமல் வேறென்ன? இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' நாட்டின் பலவகைத் தமிழையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. ராம்தாஸ் முஸ்லிம் மரைக்காராகவும், செல்வசேகரன் சிங்களவரான உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. ஒருவர் மற்றவராக நடித்து எல்லோரும் சேர்ந்து சிரித்த நாடு, ஏழு ஆண்டுகளில் 1983ஐச் சந்தித்தது.

பிறகு ஊரடங்குச் சட்டம் வந்தது. மின்சாரம் போனது. விடிய விடியத் திருவிழா என்ற வழக்கம் பல ஊர்களில் நின்றுபோனது. இரவு என்றால் பயம் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தத் தலைமுறைதான் இங்கே வந்து இரவு வேலைக்குப் போனது.

பகிடிக்கு விலை

சிரிப்பு எல்லா ஊரிலும் இலவசமில்லை. 2023 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். பெய்ஜிங்கில் லீ ஹாவ்ஷி என்ற நகைச்சுவையாளர், தாம் எடுத்து வளர்த்த தெருநாய்களைப் பற்றிய பகிடியில் இராணுவத்தின் சுலோகம் ஒன்றை ஒட்டிச் சொன்னார். அவருடைய நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் யுவான் தண்டம் விழுந்தது. சீனாவில் இருவர் நின்று பேசும் பழைய நகைச்சுவைக் கலையும், ஷங்காய் போன்ற நகரங்களில் வேகமாக வளர்ந்த புதிய கிளப்புகளும் உண்டு. அந்த ஒரு வரியின் அதிர்ச்சி அவை எல்லாவற்றையும் தொட்டது.

அதே மாத முடிவில் கொழும்பு விமான நிலையத்தில் நதாஷா எதிரிசூரிய கைதானார். மேடையில் சொன்ன பகிடி பௌத்தத்தை நிந்தித்தது என்பது குற்றச்சாட்டு. ஜூலையில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. இந்தியாவில் முனாவர் ஃபாரூக்கி 2021 ஜனவரி முதலாம் திகதி இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

லண்டனில் பகிடிக்காக எவரும் எம்மைச் சிறையில் போடப் போவதில்லை. ஆனால் எமக்குள்ளேயே ஓர் அதிகாரி இருக்கிறார். 'நாலு பேர் என்ன சொல்லுவினம்' என்பது அவர் பெயர். சாதி, சீதனம், கோயில் நிர்வாகச் சண்டை, சங்கங்களின் பிளவு ஆகியவற்றைப் பற்றி வீட்டுக்குள் நாம் சிரிக்கிறோம். மேடையில் ஒருவர் சொன்னால் முகம் சுளிக்கிறோம். போரைப் பற்றிச் சிரிக்கலாமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. இழந்தவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு, இழந்தவரே சிரிப்பது வேறு. பங்கருக்குள் இருந்துகொண்டு பகிடி விட்டவர்களை எமது குடும்பங்களில் பலருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு அவமதிப்பல்ல, உயிர் பிடித்து நின்ற ஒரு வழி. அதை எவரும் பதிவு செய்யாவிட்டால் அவர்களோடேயே போய்விடும்.

நாம் செய்யக்கூடியது

இரண்டாம் தலைமுறை ஆங்கிலத்தில் சிரிப்பது தவறல்ல. ஆனால் பெற்றோருக்கு எட்டாத மொழியில் பெற்றோரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே இருந்தால், சிரிப்பு ஒரு பக்கமும் வாழ்க்கை மறுபக்கமும் நிற்கும். தமிழ்நாட்டில் அலெக்சாண்டர் பாபு போன்றோர் தமிழில் மேடைச்சிரிப்புக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழிலும் மட்டக்களப்புத் தமிழிலும் லண்டனில் அது முடியாது என்று எவர் சொன்னார்?

எமது தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச்சங்கங்களும் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றன. நடனத்துக்கும் பேச்சுப்போட்டிக்கும் நடுவில், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவருக்கு 5 நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம். முதல் முறை நன்றாக வராது. கிளப்புகளிலும் முதல் முறை ஒருவருக்கும் நன்றாக வருவதில்லை. அதேபோல, ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் ஒரு நகைச்சுவை அரங்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். விளங்காத பகிடியை வீடு திரும்பும் வழியில் தமிழில் சொல்லிக் கொடுங்கள். முப்பது ஆண்டுகள் இந்த நகரத்தின் இரவைக் காத்தவர்களுக்கு அதில் ஓர் இருக்கை கிடைக்கட்டும்.