செயல்திறன் பின்னடைவுச் சோதனை

செயல்திறன் பின்னடைவுச் சோதனை என்பது மென்பொருளில் மாற்றம் செய்யப்பட்ட பின்னர், அது முன்பைவிட மெதுவாக இயங்குகின்றதா என அளந்து கண்டறியும் முறை ஆகும். சேஜ்மேத், சிம்பை, ஃபிளின்ட் முதலிய கட்டற்ற கணித மென்பொருள்களின் நிரல்களைப் பலர் தொடர்ந்து மாற்றுவதால், அவற்றுக்கு இச்சோதனை இன்றியமையாதது.

தேவை

வழக்கமான சோதனைகள் விடை சரியா என்பதை மட்டுமே நோக்குகின்றன. வேகம் குறைந்தாலும் விடை மாறாது. ஆதலால் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஒவ்வொன்றும் இயங்கு நேரத்தை 5 விழுக்காடு கூட்டும் 10 மாற்றங்கள் சேர்ந்தால், மொத்த நேரம் ஏறத்தாழ 63 விழுக்காடு கூடிவிடும். பழைய கணினியைப் பயன்படுத்தும் மாணவரே இதனால் முதலில் பாதிக்கப்படுவார்.

எடுத்துக்காட்டு: எண் பிரிவினை

ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதே அதன் பிரிவினை எண்ணிக்கை. 5-க்கு இது 7, 100-க்கு 19,05,69,292. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனும் ஹார்டியும் 1918-இல் இதற்குத் தோராய வாய்பாட்டை வெளியிட்டனர். 1937-இல் ராடமாக்கர் அதனைச் சரியான மதிப்பைத் தரும் தொடராக மேம்படுத்தினார்.

385-ஆல் வகுக்கும்போது 369 மீதி வரும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை, 385-ஆல் மீதியின்றி வகுபடும். 5, 7, 11 ஆகியவற்றுக்கு இராமானுசன் கண்ட முற்றொருமைகளின் விளைவு இது. சேஜ்மேத் தன் விடைகளைச் சரிபார்க்க இப்பண்பைப் பயன்படுத்துகின்றது. ஆயினும் மெதுவான நிரலும் இச்சோதனையில் தேறிவிடும்.

வேக வேறுபாடு பெரிது. ஃபிரெட்ரிக் யோகான்சன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதே வாய்பாட்டைக் கொண்டு முந்தைய மென்பொருள்களைவிட 500 மடங்குக்கும் மேலான வேகத்தை எட்டினார். 1-ஐத் தொடர்ந்து 19 சுழியங்கள் கொண்ட எண்ணின் பிரிவினை எண்ணிக்கையையும் கணித்தார். அவ்விடை 350 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உடையது. கவனக்குறைவான ஒரு மாற்றம் இத்தகைய முன்னேற்றத்தை ஓசையின்றி அழித்துவிடக்கூடும்.

அளவிடும் முறை

* பழைய, புதிய பதிப்புகளை ஒரே கணினியில் இயக்க வேண்டும்.
* ஒவ்வொரு கணக்கையும் பலமுறை இயக்கி, மிகக் குறைந்த நேரத்தை ஒப்பிடலாம். பிற நிரல்களின் குறுக்கீடு பெரும்பாலும் நேரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.
* முன்பு கணித்த விடை நினைவகத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், இரண்டாம் முறை கணக்கீடே நடவாது. எனவே அச்சேமிப்பை ஒவ்வொரு முறையும் அழிக்க வேண்டும்.
* சிறிய, பெரிய உள்ளீடுகள் இரண்டும் தேவை. ஆய்லரின் ஐங்கோண எண் முறையில் உள்ளீடு இரு மடங்கானால் கூட்டல்கள் ஏறத்தாழ 2.8 மடங்காகும். வளர்ச்சி இதனை வெகுவாக மிஞ்சினால், படிமுறையிலோ பெரிய எண்களைக் கையாளும் விதத்திலோ காரணத்தைத் தேடலாம்.

பைத்தான் மொழிக்கான சிம்பை, நம்பை போன்ற திட்டங்கள் 'ஏர்ஸ்பீடு வெலாசிட்டி' என்னும் கட்டற்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. இது பதிப்புகள்தோறும் நேரத்தை அளந்து வரைபடமாகக் காட்டும்.

காரணம் கண்டறிதல்

பின்னடைவு உறுதியானதும், மாற்றங்களின் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவர். 1000 மாற்றங்களுள் குற்றவாளியைப் பிடிக்க ஏறத்தாழ 10 சோதனைகள் போதும். 'கிட்' மென்பொருளில் இதற்கெனக் கட்டளை உள்ளது.

வரம்புகள்

எல்லா மந்தமும் குறையன்று. தவறான விடை தந்த நிரலைத் திருத்துகையில் நேரம் கூடினால், அதனை ஏற்பதே முறை. கணித மென்பொருளில் சரியான விடையே முதன்மையானது. வேகம் அதற்கு அடுத்தது.

இவற்றையும் பார்க்க

* சீனிவாச இராமானுசன்
* எண் பிரிவினை
* கட்டற்ற மென்பொருள்