பஞ்சாங்கக்காரரின் சோழிகளும் பொறியியல் மாணவரின் பாடமும்

2025 மார்ச் மாதம் நம் சங்கத்து வீடுகளில் ஒரு குழப்பம் வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 29-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயிலோ தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதாகவும், அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்றும் அறிவித்தது. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டவர்கள் பலர். நான் சமணன், எள் விளக்கு ஏற்றுகிறவன் அல்ல. ஆனால் ஒரே வானத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுவது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. அது நேராகக் கொண்டுபோய் விட்ட இடம், இன்று பொறியியல் கல்லூரிகளில் பிள்ளைகள் பயந்து பயந்து படிக்கிற ‘நியூமெரிக்கல் மெத்தட்ஸ்’ பாடம்.

அந்தப் பாடத்துக்கு எண்ணியல் முறைகள் என்று தமிழில் பெயர். சூத்திரம் போட்டு ஒரேயடியாக விடை காண முடியாத இடத்தில், ஏறக்குறைய ஒரு விடையில் தொடங்கி, திருத்தித் திருத்தி நெருங்குவதுதான் அது. அட்டவணையில் இரண்டு மதிப்புகள் இருந்தால் நடுவில் உள்ளதைக் கண்டுபிடிப்பதும் அதில் சேரும். இதற்கு இடைச்செருகல் என்று பெயர். பழைய மாணவர்கள் கிளார்க்ஸ் டேபிள் புத்தகத்தில் வலது ஓரத்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்களே, அதுவேதான். வியாபாரிக்கு இது புதிதில்லை. எங்கள் பாத்திரக் கடையில் ரெடி ரெக்கனர் என்ற கணக்குப் புத்தகம் நூல் பிரிந்து போகும்வரை புழங்கியது. அதற்கும் முன்னே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இதெல்லாம் வாயிலேயே இருக்கணும். அட்டவணையை ஏட்டில் வைப்பதா, நாக்கில் வைப்பதா என்பதுதான் வித்தியாசம்.

நாக்கில் வைத்த அட்டவணைகளில் பெரியது வாக்கியம். தென்னாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் சந்திரனின் நிலையை 248 சிறு சொற்றொடர்களாக மனப்பாடம் செய்தார்கள். வரருசி செய்தவை என்பது மரபு. ஒவ்வொரு தொடரும் ஓர் எண். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ‘க’வுக்கு 1, ‘ம’வுக்கு 5, ‘ல’வுக்கு 3, கடைசி ஒற்றுக்குக் கணக்கில்லை. ‘கமலம்’ என்று சொன்னால் 1, 5, 3. அதை வலமிருந்து இடமாகப் படித்தால் 351. இப்படி, கேட்கிறவனுக்கு ஏதோ சமஸ்கிருத வாசகம், சொல்கிறவனுக்குப் பாகையும் கலையும்.

ஏன் 248? சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது விரைந்தும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. அந்த வேகம் கூடிக் குறைந்து ஒரு சுற்று வர 27.55455 நாள் ஆகிறது. அதை 9-ஆல் பெருக்கினால் 247.99 நாள், அதாவது 248-க்குப் பதின்மூன்று நிமிஷம்தான் குறைவு. ஆகவே 248 நாளுக்கு ஒருமுறை அட்டவணையை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிஷம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகுமே? அதற்காக 3031 நாள் என்ற பெரிய சுற்றும் வைத்திருந்தார்கள். 110 சுற்றுக்கு 3031 நாள், பிழை ஒரு நிமிஷத்துக்கும் குறைவு! அதற்கும் மேலே 12372 நாள். நான்கு 3031-உம் ஒரு 248-உம் கூட்டிப் பாருங்கள், 12372 வரும்.

கணக்குப் போடுகிறவர் கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாள்களை எண்ணி, பெரிய சுற்றுகளை முதலில் கழிப்பார். உதாரணத்துக்கு, 12372 எல்லாம் போக 5000 மிஞ்சியது என்று வையுங்கள். அதில் ஒரு 3031 போனால் 1969. அதில் ஏழு 248, அதாவது 1736 போனால் 233. ஆக, 233-ஆம் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய துருவ எண்ணையும் சேர்த்தால் அன்றைய சூரியோதயத்தில் சந்திரன் நின்ற இடம் கிடைக்கும். மறுநாள் நிலையையும் எடுத்துக்கொண்டால் நடுநேரத்துக்கு இடைச்செருகல். கழிப்பதும் பெருக்குவதும் தரையில் சோழி பரப்பி.

இந்த வேலையை இரண்டு ஐரோப்பியர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். முதல்வர் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலார். வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூன் மாதம் மேகம் மறைத்ததால் ஏமாந்தவர். அங்கே தங்கிய நாளில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைந்தது. அப்போது ஐரோப்பாவில் பேர் பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 வினாடி கூடியது.

இரண்டாமவர் ஜான் வாரன், சென்னை வானாய்வுக்கூடத்தில் பொறுப்பு வகித்தவர். 1825-இல் வெளிவந்த அவருடைய ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். சோழிகளைக் கொண்டும் மனப்பாட எண்களைக் கொண்டும் அவர் 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. அவருக்கு நினைவாற்றல் அபாரம், ஆனால் தான் செய்வதன் தத்துவம் தெரியாது என்பது வாரனின் தீர்ப்பு.

நம்மவர்கள் மேடைகளில் லெ ஜான்தியின் 41 வினாடியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். 52 நிமிஷத்தைச் சொல்வதில்லை. கிரகணம் நீடித்த நேரம் வேறு, அது முடிந்த நேரம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. 248 நாள் சுற்று நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. பாபிலோனிய மண்பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரசுகளிலும் அது இருப்பதை ஓட்டோ நொய்கபவர் கண்டார். 1952-இல் அவர் தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

வாரன் தீர்ப்பில் பாதிதான் எனக்குச் சம்மதம். தத்துவம் அறியாமல் கணிப்பது குறைதான். காலப்போக்கில் பிழை சேரும்போது, எந்த எண்ணை எப்படித் திருத்துவது என்று அந்த மனிதருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் வாக்கியத்தை அமைத்தவருக்குத் தத்துவம் தெரிந்துதான் இருக்கணும், இல்லாவிட்டால் 248-உம் 3031-உம் வராது. சுமார் 1300-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த ‘வாக்கியகரணம்’ நூலை குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962-இல் பதிப்பித்தார்கள். அதைப் பார்த்தால் இது விளங்கும். அமைத்தவனுக்கும் பயன்படுத்துகிறவனுக்கும் நடுவே கற்பித்தல் அறுந்துபோயிற்று, அவ்வளவுதான்.

வாரனுக்கு முன்பே சென்னையில் இன்னொரு விதமான கற்பித்தல் தொடங்கியிருந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் 8 பையன்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. அளவைக்காரப் பையனின் கையிலும் அட்டவணைதான், மடக்கை அட்டவணை. இரண்டு மரபையும் ஒரு மனிதர் சேர்த்துப் பிடித்தார். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1867-இல் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவர். வானத்தில் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். பழைய பஞ்சாங்கக்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. அந்த வழக்குத்தான் 2025 மார்ச்சில் நம் வீட்டுப் போன் வரைக்கும் வந்தது.

எங்கள் சமணக் கணிதர் ஒருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில் மகாவீராச்சாரியார் எழுதிய ‘கணிதசார சங்கிரகம்’ தென்னாட்டின் பாடநூல். ரங்காச்சாரியார் 1912-இல் சென்னையில் அதைப் பதிப்பித்தார். அதில் வட்டத்துக்கு இரண்டு விடை. புழக்கத்துக்கு விட்டத்தை மூன்றால் பெருக்கு, நுட்பம் வேண்டுமானால் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கு. பத்து அங்குல விட்டமுள்ள பாத்திரத்தின் விளிம்புக்கு முதல் கணக்கில் 30 அங்குலத் தகடு, இரண்டாவதில் 31.62. உண்மை 31.42. முதலாவதை நம்பித் தகடு வெட்டினால் விளிம்பு சேராது. இரண்டாவதில் கொஞ்சம் மிஞ்சும், அரத்தால் ராவிக்கொள்ளலாம். எந்த வேலைக்கு எவ்வளவு பிழை தாங்கும் என்பதைப் பாடத்திலேயே வைத்தவர் அவர். இன்றைய பொறியியல் புத்தகத்தில் பிழை பற்றி முதல் அத்தியாயம் இருக்கிறது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்று பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்களாம்.

இதை எனக்குச் சொன்னவன் புணேயில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். நியூட்டன்-ராப்சன் முறையை மூன்று நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறான். “ஏன்டா தம்பி, விடை சரின்னு எப்படித் தெரியும்?” என்றேன். “மெஷின் நின்னுடுச்சு தாத்தா, அதான்” என்றான். வாரன் இருந்தால் இவனைப் பற்றியும் அதே வரியை எழுதியிருப்பார்! நான் 27.55455 என்ற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழ்திக் கொடுத்து, எத்தனையால் பெருக்கினால் முழு எண்ணுக்குக் கிட்டே வரும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். கால்குலேட்டரில் 9-ஐ உடனே பிடித்துவிட்டான். 110-க்கு அரைமணி ஆயிற்று. 449-ஐத் தானாகவே கண்டுபிடித்து மறுநாள் காலை கடைக்கு வந்து சொன்னான்.