மப்பு எத்தனை மணிக்கு இறங்கும்? - உத்திரமேரூர் கல்வெட்டுல இருந்து ஊதுற மெஷின் வரைக்கும்

உத்திரமேரூர்னு சொன்னா உடனே குடவோலைதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் பாடத்துல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதோட நிறைய பேரு விட்டுட்டோம். பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போயிடலாம், வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தகனோட 12ஆம் ஆட்சியாண்டு, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பா பிரிச்சு, பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. நிக்கறவனுக்கு வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும், கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

யாரு நிக்கக் கூடாதுங்கற பட்டியல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கணக்கு காட்டாதவன் கூடாது, அவனோட சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்கன்னு சொந்தக்காரங்க ஒருத்தரும் கூடாது. அப்புறம் பஞ்சமகாபாதகத்துல முதல் நாலைச் செஞ்சவனும் கூடாது. அந்த நாலுல ஒண்ணு, கள்ளு குடிக்கறது! அவனுக்கும் சொந்தபந்தத்தோட சேர்த்தே தடை. இந்த விதியை இன்னைக்கு உள்ளாட்சித் தேர்தல்ல வச்சா குடம் காலியாத்தான் இருக்கும் :-)

பெருமை பேச இதைச் சொல்லலை. அது பிராமணர்களோட சபை. அந்த ஊர் வயல்ல இறங்கி வேலை செஞ்சவங்க பேரை யாரும் ஓலையில எழுதலை, அவங்க சாயங்காலம் என்ன குடிச்சாங்கன்னு சபை கவலைப்பட்டதாவும் தெரியலை. நான் பார்க்கறது வேற. அந்தக் கல்வெட்டு கேக்கற கேள்வி, "இவன் குடிச்சவனா?" அவ்வளவுதான். எவ்வளவு குடிச்சான், எப்போ குடிச்சான், இப்போ தெளிஞ்சிட்டானா, எதுவும் கிடையாது. பாதகம்னு பேர் ஒட்டிக்கிச்சுன்னா ஒட்டினதுதான்.

எத்தனை மணி நேரம் ஆச்சுங்கற கேள்வி மோட்டார் வந்தப்புறம் வந்தது. மாட்டு வண்டி காலத்துல வண்டிக்காரன் மப்புல படுத்துட்டாலும் மாடு பாட்டுக்கு வீடு கொண்டு வந்து சேர்த்துடும்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. மோட்டாருக்கு அந்த அறிவு இல்லை. 1897 செப்டம்பர்ல, லண்டன்ல ஜார்ஜ் ஸ்மித்னு ஒரு டாக்ஸி டிரைவர் வண்டியைக் கட்டடத்து மேல ஏத்திட்டாரு. குடிச்சிருந்தேன்னு ஒத்துக்கிட்டாரு, 25 ஷில்லிங் அபராதம்.

நம்ம நாட்டுல 1939 மோட்டார் வாகனச் சட்டத்தோட 117ஆம் பிரிவு இதைப் பேசுச்சு. வண்டியைச் சரியான கட்டுப்பாட்டுல வச்சுக்க முடியாத அளவுக்குப் போதையில இருந்தாத்தான் குற்றம். அளவு கிடையாது, எண் கிடையாது. ஆளைப் பார்த்து முடிவு பண்றது. அதாவது "ஸ்டெடியா இருக்கானா?"

இந்த "ஸ்டெடி"ங்கற வார்த்தையைக் கவனிங்க மக்களே. இன்னைக்கும் எந்த டாஸ்மாக் வாசல்ல போய்க் கேட்டாலும் வர்ற பதில் "நான் ஸ்டெடிப்பா". சட்டம் அந்த இடத்தை விட்டு எப்பவோ போயிடுச்சு. நாம இன்னும் 1939லயே நிக்கறோம்.

அந்தச் சட்டம் வந்தப்புறம் நம்ம மாநிலத்துல ரொம்ப நாளைக்கு இந்தக் கேள்வியே வெளிப்படையா எழலை. ராஜாஜி 1937ல சேலம் மாவட்டத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கு, ஓமந்தூரார் காலத்துல 1948ல மாகாணம் முழுக்க வந்துடுச்சு. குடிக்கறதே குற்றம்னா, குடிச்சு எத்தனை மணி நேரம் கழிச்சு ஓட்டலாம்னு யாரு வெளியில கேப்பாங்க? 1971ல கலைஞர் ஆட்சியில கடை திறந்து, சில வருஷத்துல மூடி, எம்.ஜி.ஆர். ஆட்சியில 1981ல மறுபடி திறந்து, 1983ல டாஸ்மாக் வந்து, 2003 நவம்பர்ல இருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துதுன்னு... அந்தக் கதை தனிப் பதிவுக்கு ஆகும்.

நாம மூடித் திறந்துட்டு இருந்ததுக்கு முன்னாடியே ஸ்வீடன்ல ஒருத்தர் வேலையை முடிச்சுட்டாரு. எரிக் விட்மார்க், லுண்ட் பல்கலைக்கழகம். 1922ல, சில துளி ரத்தத்துல எவ்வளவு ஆல்கஹால் இருக்குன்னு அளக்கற முறையைக் கண்டுபிடிச்சாரு. 1932ல புத்தகமே எழுதினாரு. குடிச்ச ஆல்கஹாலோட கிராம் கணக்கு, ஆளோட எடை, ஒரு எண் (ஆணுக்குச் சுமார் 0.68, பெண்ணுக்குச் சுமார் 0.55), இதை வச்சு ரத்தத்துல எவ்வளவு ஏறும்னு கணக்குப் போட்டுடலாம். இதைவிட முக்கியமானது இன்னொண்ணு. இறங்கறது ஒரே சீரான வேகத்துலதான். 100 மில்லி ரத்தத்துல மணிக்கு 15 மில்லிகிராம்ங்கறது பொதுவான கணக்கு. சில பேருக்கு 10, சில பேருக்கு 20. கல்லீரல் அதோட வேகத்துல வேலை செய்யும், நாம அவசரப்படுத்த முடியாது.

இந்த எண்ணைச் சட்டத்துல முதல்ல வச்சது நார்வே, 1936ல, 50 மில்லிகிராம். அமெரிக்காவுல ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954ல பிரெத்தலைசர் செஞ்சாரு. ரத்தம் குத்தி எடுக்க வேண்டாம், ஊதினா போதும். பிரிட்டன்ல 1967ல 80 மில்லிகிராம்னு எல்லை வச்சு ரோட்டுல ஊதச் சொன்னாங்க.

நம்ம பக்கம் இந்த எண் எதுக்குத் தேவைப்பட்டுதுன்னா, மகாராஷ்டிரத்து விபத்து வழக்கு ஒண்ணுல 1971ல உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்க. வாய்ல வாடை, நடையில தள்ளாட்டம், பேச்சுல குழறல், இதை மட்டும் வச்சு போதையில இருந்தான்னு முடிவு கட்ட முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கலையேன்னு கேட்டாங்க. 1988ல புதுச் சட்டம் வந்தப்போ 185ஆம் பிரிவு அப்படியே எதிர்ப்பக்கம் போச்சு. ரத்தத்துல எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் குற்றம்! உத்திரமேரூர் சபைக்காரங்க கேட்டிருந்தா கைதட்டியிருப்பாங்க. 1994 திருத்தத்துலதான் இப்போ இருக்கற எல்லை வந்தது: ஊதுற மெஷின்ல சோதிச்சா, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடும்பும் முப்பது, மில்லிகிராமும் முப்பது. சம்பந்தமே இல்லை, சும்மா ஒரு சந்தோஷத்துக்குச் சொன்னேன். 2019 திருத்தத்துல முதல் தடவைக்கே அபராதம் 10,000 வரைக்கும் போச்சு, ஆறு மாசம் ஜெயிலும் உண்டு. ஊத மாட்டேன்னு அடம் பிடிச்சா அதுவே எதிரான சாட்சி ஆகிடும்.

சரி, முப்பதுன்னா எவ்வளவு சரக்கு? நம்ம ஊர் அளவுல பார்ப்போம். பிராந்தி 42.8 சதவீதம். 60 கிலோ ஆளு ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி உள்ள தள்ளினாலே கிட்டத்தட்ட 25 வந்துடும். கட்டிங் (90 மில்லி) போட்டா 75. குவார்ட்டர் (180 மில்லி) அடிச்சா 150. ஒரு பீர், 650 மில்லி, 5 சதவீதம்னா 60ஐத் தாண்டும். "பீர்தானே"ங்கறவங்க எல்லையைப் போல ரெண்டு மடங்குல இருக்காங்க.

இப்போ கடிகாரத்தை வைங்க. குவார்ட்டர் 150. மணிக்கு 15 இறங்கினா 30க்கு வர எட்டு மணி நேரம், பூஜ்யத்துக்கு வர பத்து மணி நேரம். மெதுவா இறங்கற உடம்பா இருந்தா (மணிக்கு 10) சட்ட எல்லைக்கு வரவே பன்னெண்டு மணி நேரம், பூஜ்யத்துக்குப் பதினஞ்சு.

எங்க பக்கத்துல இது ஏன் பெரிய விஷயம்னா, ராத்திரி குடிச்சவன் காலையில வண்டி எடுக்கறான். உத்திரமேரூரைச் சுத்தி இருக்கற பசங்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர்னு கம்பெனிக்குப் போறவங்க. முதல் ஷிஃப்டுக்கு இருட்டுலயே கிளம்பணும். பால் வண்டி, காய்கறி ஏத்தற குட்டி யானை எல்லாம் அதே நேரத்துல அதே ரோட்டுலதான். சொந்தத்துல ஒரு கல்யாணம், எங்க அக்கா பையன் முந்தின ராத்திரி ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு ஒரு குவார்ட்டரும் கட்டிங்கும் முடிச்சிருந்தான். காலையில அஞ்சு மணிக்குக் குளிச்சு, திருநீறு வச்சு, பைக்கை உதைக்கறான்.

"டேய், இறங்கிடுச்சா?"

"மாமா, நைட்டு பத்து மணிக்கே முடிச்சாச்சு. தூங்கி எந்திரிச்சாச்சு, மோர் குடிச்சாச்சு. நான் ஸ்டெடி மாமா."

ஒரு சீட்டுல கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏறினது சுமார் 220. எட்டு மணி நேரத்துல இறங்கினது 120. மிச்சம் 100, எல்லையை விட மூணு மடங்குக்கு மேல. அவன் நம்பலை. அவங்க அம்மா நம்பினாங்க, சாவியைப் புடுங்கிட்டாங்க. மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு கம்பெனி பஸ்ல போனான்.

அவன் பொய் சொல்லலைங்கறதுதான் இதுல பயங்கரம். அவனுக்கு நிஜமாவே தெளிவா இருந்தது. 1919லயே எட்வர்ட் மெல்லன்பிங்கறவர் நாய்களை வச்சுப் பார்த்துச் சொல்லியிருக்காரு: ரத்தத்துல ஒரே அளவு இருந்தாலும், ஏறும்போது தெரியற தள்ளாட்டம் இறங்கும்போது தெரியறதில்லை. பின்னாடி மனுஷங்களை வச்சுச் செஞ்ச சோதனைகள்ல, போதை போயிடுச்சுங்கற நினைப்பு முதல்ல வருது, வண்டி ஓட்டற திறமை அப்புறம்தான் திரும்புதுன்னு பார்த்திருக்காங்க. மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலைக்குத் தண்ணி, வாந்தி எடுக்கறது, எல்லாம் முழிப்பு குடுக்கலாம், வாடையைக் குறைக்கலாம். ரத்தத்துல ஏறினதுல ஒரு மில்லிகிராமைக் குறைக்காது.

நீதிமன்றமும் ஒரு வழி பார்த்துச்சு. கே. பாலு தொடுத்த வழக்கு சென்னையில ஆரம்பிச்சு டெல்லி வரைக்கும் போய், 2016 டிசம்பர் 15ல உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகள்ல இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு சொல்லிடுச்சு. சின்ன ஊர்களுக்கு அப்புறம் 220 மீட்டர்னு தளர்த்தினாங்க. 2017 ஏப்ரல் 1ல தமிழ்நாட்டுல மூவாயிரத்துக்கு மேல கடை மூடினாங்க. ரோட்டுல மூடின கடைகளை ஊருக்குள்ள கொண்டு போகப் பார்த்தப்போ சாமளாபுரத்துல பெண்கள் மறியலுக்கு உக்காந்தது ஞாபகம் இருக்கும். தீர்ப்போட நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது மீட்டர்ல அளந்துச்சு. ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும், அதுக்கப்புறம் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கலாம்னு எந்தக் கடை வாசல்லயும் எழுதி வச்சு நான் பார்த்ததில்லை. "குடி குடியைக் கெடுக்கும்"னு எச்சரிக்கறாங்க. பாதகம்னு சொன்ன கல்வெட்டோட அதே குரல். "குவார்ட்டர் இறங்க பத்து மணி நேரம்"னு ஒரு வரி சேர்த்தா என்ன குறைஞ்சிடும்?

டிஸ்கி: கணக்கெல்லாம் 60 கிலோ ஆம்பளைக்கு, குடிக்க ஆரம்பிச்ச நேரத்துல இருந்து எண்ணினது. எடை குறைஞ்சவங்க, பெண்கள், கல்லீரல் சரியில்லாதவங்களுக்கு இன்னும் நேரம் ஆகும். 30க்குக் கீழ வந்துட்டா போலீஸ் விடும், அவ்வளவுதான். கண்ணும் கையும் அந்த 30க்குக் கீழயும் தடுமாற ஆரம்பிக்கும், அதனால என் கணக்குல பூஜ்யம்தான் கணக்கு. வெளிநாட்டு நண்பர்களுக்கு, சிங்கப்பூர்ல எல்லை 80, மலேசியாவுல 2020ல இருந்து 50. எண்ணு மாறும், இறங்கற வேகம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.