போலந்து வீரர்களின் தொலைந்த போர்ப்பதக்கங்கள்

இரண்டாம் உலகப்போரில் நாட்டை இழந்து, பிறர் மண்ணில் நின்று போரிட்ட போலந்து வீரர்கள் பெற்ற விருதுகள் இன்று பல கண்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. பழம்பொருள் கடைகள், ஏலங்கள், பேரப்பிள்ளைகள் ஒழித்துப்போடும் பரண்கள் ஆகிய இடங்களில் அவை அடிக்கடி தலைகாட்டுகின்றன. பதக்கம் கிடைத்துவிட்டால் ஆளையும் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுப்பது பதக்கத்தைவிட, அதன் எண்ணும் பெயரும் ஏறிய பதிவேடுதான். போலந்துப் பதக்கங்களின் வரலாறு முழுவதிலும் இதைக் காணலாம்.

அந்நாட்டின் தலையாய படைவிருது விர்த்தூத்தி மிலித்தாரி. ரஷ்யப் படைக்கு எதிரான சியெலெஞ்சே போர் வெற்றியை ஒட்டி, 1792 ஜூன் 22 அன்று மன்னர் ஸ்தானிஸ்வாவ் அவுகுஸ்த் இதை ஏற்படுத்தினார். அந்த ஆண்டிலேயே அதற்குத் தடை வந்தது. பிறகு போலந்தை அண்டை நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. விடுதலை பெற்ற குடியரசு 1919இல் இவ்விருதை ஐந்து வகுப்புகளோடு மீட்டெடுத்தது. 1920 ஆகஸ்டில் இதற்கு அடுத்த நிலையில் வீரச் சிலுவை வந்தது. ஒரே வீரர் அதை நான்கு முறை வரை பெறலாம்.

வீரச் சிலுவை பல குடும்பங்களைக் குழப்பியிருக்கிறது. லண்டனில் இருந்த புகலிட அரசு இரண்டாம் உலகப்போரில் வழங்கிய சிலுவைகளிலும் பழைய 1920 என்ற ஆண்டே பொறிக்கப்பட்டது. அதைப் பார்க்கும் பேரன், தாத்தா 1920இல் சோவியத் செஞ்சேனையை எதிர்த்து வார்சாவில் போரிட்டவர் என்று முடிவு கட்டிவிடுகிறான். அந்தத் தாத்தா அப்போது பிறக்காமலேகூட இருந்திருக்கலாம். சிலுவையோடு சான்று அட்டை இல்லாவிட்டால் அந்தத் தவறை எளிதில் திருத்த முடியாது.

பதக்கத்தைவிடப் பட்டியல் நீண்டநாள் வாழும் என்பதற்கு மிகக் கொடிய சான்று கத்தின். 1940 வசந்தத்தில் சோவியத் இரகசியக் காவல்துறை போலந்தின் இராணுவ அதிகாரிகள், காவலர்கள், படித்தவர்கள் என ஏறத்தாழ 22,000 பேரைச் சுட்டுக் கொன்றது. ஸ்மொலென்ஸ்க் அருகே கத்தின் காட்டில் இருந்த புதைகுழிகளை 1943இல் ஜெர்மானியர் தோண்டினர். சடலங்களோடு கடிதங்கள், நாட்குறிப்புகள், பதக்கங்கள் கிடைத்தன. சீருடைப் பைகளில் இருந்த இவற்றைக் கொண்டே பலரை அடையாளம் கண்டார்கள். அப்பொருள்கள் கிராக்கோவ் நகருக்குப் போயின. அங்கே வேதியியலாளர் யான் ரோபெல் குழுவினர் ஒவ்வொரு உறையாகப் பிரித்து, கறைபடிந்த தாள்களைச் சுத்தம் செய்து, படித்துக் குறித்துவைத்தனர். செஞ்சேனை நெருங்கியதும் ஜெர்மானியர் பெட்டிகளை மேற்கே கொண்டுபோயினர். 1945இல் டிரெஸ்டன் அருகே அவை எரிந்து சாம்பலாயின. ஆனால் ரோபெல் குழுவின் குறிப்புகளின் படிகள் 1991இல் கிராக்கோவில் ஒரு பரணில் கிடைத்தன. பொருள்கள் போய்விட்டன. யாரிடம் என்ன இருந்தது என்ற செய்தி மட்டும் தப்பியது.

கொல்லப்படாமல் தப்பியவர்களிலிருந்தும், சைபீரியாவுக்கும் கஸாக்ஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்ட குடும்பங்களிலிருந்தும்தான் தளபதி வுவாதிஸ்வாவ் ஆண்டர்ஸின் படை உருவானது. ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு, 1941 ஜூலையில் போலந்துப் புகலிட அரசும் மாஸ்கோவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி சோவியத் சிறையிலிருந்து வெளிவந்த ஆண்டர்ஸ், எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு படை திரட்டினார். 1942இல் வீரரும் குடும்பத்தாருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானை அடைந்தனர். வீரர்கள் ஈராக், பாலஸ்தீனம், எகிப்து வழியாக இத்தாலிக்குச் சென்றார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் பலர் இந்தியா வந்தார்கள். ஜாம்நகர் அருகே பாலாச்சடியிலும், கோலாப்பூர் அருகே வலிவடேயிலும் அவர்களுக்கு முகாம்கள் இருந்தன. தந்தை எந்த மலையில் நிற்கிறார் என்று தெரியாமலே கோலாப்பூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் பலர்.

அந்த மலை மோண்டே காசினோ. ரோமுக்குப் போகும் சாலையை மறித்து நின்ற அம்மலையை 1944 ஜனவரி முதல் நேச நாடுகள் மூன்று முறை தாக்கித் தோற்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 4ஆம் இந்திய டிவிஷனும் அங்கே பெரும் உயிர்ச்சேதத்தைச் சந்தித்தது. நான்காவது தாக்குதலில் மடாலய முகட்டுக்கான பொறுப்பை ஆண்டர்ஸின் இரண்டாம் படைப்பிரிவு ஏற்றது. மே 11 இரவு தொடங்கிய போர் 18ஆம் நாள் காலையில் மடாலய இடிபாட்டில் போலந்துக் கொடி ஏறியதோடு முடிந்தது. போலந்து தரப்பில் 923 பேர் மாண்டனர், ஏறத்தாழ 2,900 பேர் காயமடைந்தனர், 345 பேரைக் காணவில்லை.

அந்தப் போரில் கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு நினைவுச் சிலுவை வழங்குமாறு தலைமைத் தளபதி கசிமியெஷ் சொஸ்ன்கோவ்ஸ்கி 1944 ஜூலை 26 அன்று ஆணையிட்டார். பாலஸ்தீனத்தில் அடிக்கப்பட்ட அந்தச் சிலுவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்புறத்தில் மோண்டே காசினோ என்ற பெயரும் மே 1944 என்ற காலமும் இருக்கும், பின்புறத்தில் ஓர் எண். 48,000க்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. எண்கள் படையணி வாரியாக, தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டன. ஆகவே எண்ணைப் பார்த்ததும் காலாட்படையா, பீரங்கிப்படையா, மருத்துவப் பிரிவா என்று ஊகிக்க முடியும். பெறுநர் பட்டியலும் தப்பிப் பிழைத்ததால், எண் தெரிந்தால் பெயரும் பதவியும் கிடைத்துவிடுகின்றன. தொலைந்த போலந்துப் பதக்கங்களைத் தேடுவோருக்கு இதைப் போலக் கைகொடுப்பது வேறொன்றுமில்லை. அதே காரணத்தால் போலிகளும் பெருகின. பிற்காலத்தில் அடித்த படிகளில் எண் இருக்காது, அல்லது எண்ணின் எழுத்துரு மாறியிருக்கும். எண்ணையும் அட்டையையும் பட்டியலையும் ஒப்பிடாமல் எதையும் நம்புவதற்கில்லை.

பிரித்தானியர் கொடுத்த பதக்கங்களின் நிலை நேர்மாறு. பிரித்தானியத் தலைமையின் கீழ் போரிட்ட போலந்தியருக்கு 1939–45 நட்சத்திரம், ஆப்பிரிக்க நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் முதலியவை பெற உரிமை இருந்தது. முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெயர் பொறித்த பிரித்தானிய அரசு, இம்முறை அதைக் கைவிட்டது. இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு வழங்கியவற்றில் மட்டும் பெயர் உண்டு. காசினோவின் ஒரே சரிவில் போரிட்டிருந்தாலும், இந்தியச் சிப்பாயின் இத்தாலி நட்சத்திரம் அவர் பெயரைச் சொல்லும். போலந்து வீரருடையது யாருடையது என்று சொல்லாது. நாடிழந்து நின்றவருக்குப் பெயரும் இல்லாமல் போனதை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

பதக்கங்கள் தொலைந்ததற்குக் காரணம் வெறும் கவனக்குறைவு அல்ல. 1945 ஜூலையில் பிரிட்டன் லண்டனிலிருந்த போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 1946 செப்டம்பரில் வார்சாவின் புதிய அரசு ஆண்டர்ஸ் உள்ளிட்ட உயர் அதிகாரிகளின் குடியுரிமையைப் பறித்தது. நார்மண்டியிலும் பிரெடாவிலும் கவசப்படையை நடத்திய தளபதி ஸ்தானிஸ்வாவ் மாச்செக் எடின்பரோவில் மதுக்கூட ஊழியராக வேலை பார்த்தார். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் வான்குடைப் படைக்குத் தலைமை தாங்கிய சொசபோவ்ஸ்கி தொழிற்சாலையில் உழைத்தார். தளபதிகளுக்கே இதுதான் கதி என்றால் சாதாரணச் சிப்பாய் நெஞ்சில் என்னத்தை அணிவார்? போலந்துக்குத் திரும்பியவர்களுக்கோ, மேற்கில் பெற்ற சிலுவை காவலரின் சந்தேகத்தை இழுத்துவந்தது. சிலர் அதை மறைத்துவைத்தார்கள், வைத்த இடத்தைச் சொல்லாமலே இறந்தும் போனார்கள். கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா என்று கப்பலேறியவர்களின் பிள்ளைகள் போலந்து மொழி படிக்கத் தெரியாமல் வளர்ந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சிலுவை வெறும் உலோகத் துண்டு.

எண்ணிலிருந்து பெயர் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. பிரித்தானிய எழுத்தர்கள் போலந்துப் பெயர்களின் சிறப்பு எழுத்துகளை விட்டுவிட்டு எழுதினார்கள். குடியேறியவர்கள் உச்சரிக்க எளிதாகப் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். வீரர்கள் பலரின் பிறந்த ஊர் போருக்குப்பின் போலந்திலேயே இல்லை. லுவூவ் லிவிவ் ஆகி இன்று உக்ரைனில் இருக்கிறது, வில்னோ வில்னியஸ் ஆகி லித்துவேனியாவின் தலைநகராக இருக்கிறது. எல்லாவற்றையும்விடச் சிக்கலானது புனைபெயர். சிலேசியா, பொமரேனியா இளைஞர்களை ஜெர்மன் படை கட்டாயமாகச் சேர்த்தது. அங்கிருந்து தப்பியோ பிடிபட்டோ போலந்துப் படைக்கு வந்தவர்கள் பல்லாயிரம். மீண்டும் ஜெர்மானியரிடம் சிக்கினால் துரோகிகளாகச் சுடப்படுவார்கள், ஊரில் குடும்பமும் தண்டிக்கப்படும் என்பதால் பலர் வேறு பெயரில் போரிட்டார்கள். பதிவேட்டில் இருப்பது அந்தப் பொய்ப்பெயரே. பிறந்த தேதி, படைப்பிரிவு, பணிக்கோப்பு இவற்றை அடுக்கிப் பார்த்துத்தான் உண்மைப் பெயரை எட்ட வேண்டும்.

1989இல் போலந்தில் கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு நிலைமை மாறியது. கடைசிப் புகலிடக் குடியரசுத் தலைவர் ரிஷார்த் கச்சொரோவ்ஸ்கி 1990 டிசம்பரில் அரசச் சின்னங்களை வார்சாவில் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் லேக் வலேன்சாவிடம் ஒப்படைத்தார். கச்சொரோவ்ஸ்கியும் மோண்டே காசினோவில் போரிட்டவரே. 2010இல் கத்தின் நினைவு நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில் விமான விபத்தில் உயிரிழந்தார். சொசபோவ்ஸ்கிக்கு நெதர்லாந்து அரசு வெண்கலச் சிங்க விருதை அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006இல் வழங்கியது.

இன்று தேடுவோர் முதலில் நாடும் இடம் லண்டனின் போலந்து நிறுவனமும் சிகோர்ஸ்கி அருங்காட்சியகமும். புகலிட அரசின் படைக் கோப்புகள் அங்கே உள்ளன. போருக்கு முந்தைய விருதுக் கோப்புகளை வார்சாவின் மத்தியப் படை ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டும். பிரித்தானியத் தலைமையின் கீழ் இருந்தவர்களின் தனிப்பட்ட பணிக்கோப்புகளைப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகம் நெடுங்காலம் நார்த்தோல்ட் விமானப்படைத் தளத்தில் வைத்திருந்தது. அக்கோப்புகள் ஒவ்வொன்றிலும் பிறந்த ஊர், சேர்ந்த நாள், அணி, உரிய பதக்கங்கள் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. தாத்தா கேட்டு வாங்காமலே விட்டுப்போன நட்சத்திரம் எதுவென்று பல குடும்பங்களுக்கு முதன்முதலில் தெரிவது அந்தத் தாளில்தான்.